கடல் பார்த்த மனையில் பசுமை வீடு: மணல், கிணறு, உப்புக்காற்று

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனால் இரண்டு பக்கமும் விளம்பரப் பலகைகள். ‘கடலுக்கு ஐந்தே நிமிடம்’, ‘பசுமைக் குடியிருப்பு’, ‘சோலார் வசதியுடன் தனி வில்லா’. அதே சாலையைப் பற்றிச் செய்தித்தாளில் வருவது வேறு மாதிரி இருக்கும்: சி.ஆர்.இசட் எனப்படும் கடற்கரைக் கட்டுமான விதியின் மீறல், உப்பாகிப்போன ஆழ்குழாய், மதிலை முட்டும் அலை. இரண்டையும் படிக்கிற ஒருவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. கடலோரத்தில் பசுமை வீடு என்று ஒன்று உண்டா, அல்லது அங்கே வீடு கட்டுவதே தவறா?

சோலார் பேனலையும் எல்.இ.டி விளக்கையும் ஓசூரிலும் மாட்டலாம், ஒரத்தநாட்டிலும் மாட்டலாம். கடலோர வீட்டின் தரத்தைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: அது நிற்கும் மணல், மணலுக்கு அடியில் இருக்கும் நல்ல தண்ணீர், மேலே வீசும் காற்று. மூன்றும் ஒருவர் மனையின் எல்லைக்கல்லோடு நின்றுவிடுபவை அல்ல. என் மனையில் நான் எழுப்பும் சுவர் உங்கள் கரையை அரிக்கும். நான் இறக்கும் மோட்டார் உங்கள் கிணற்றை உப்பாக்கும். ஆகவே இங்கே வடிவமைக்க வேண்டியது வீட்டை அல்ல, குடியிருப்பை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கரை நிலையாக நிற்பதில்லை

நாம் பார்க்கும் கடற்கரை மணல் அங்கேயே கிடப்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாக வந்து தொடுவதால் ஒவ்வோர் அலையும் கொஞ்சம் மணலைக் கரையோரமாக நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்த ஓட்டம் வடக்கு நோக்கி; வடகிழக்குப் பருவக்காற்றில் தெற்கு நோக்கி. வருடக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் சென்னை, புதுச்சேரிக் கரையில் மிச்சம் வடக்கு நோக்கித்தான்.

இதற்கு ஆய்வகச் சான்று தேவையில்லை. சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்தன. தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் தடைபட்டுத் தேங்கியது, மெரினா விரிந்தது. வடக்கே மணல் வரத்து நின்றது. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கரை கரைந்தது. நூறாண்டு கழித்துப் புதுச்சேரியிலும் இதே கதை. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் 1980-களின் கடைசியில் துறைமுகச் சுவர்கள் வந்தன. ஊருக்கு முன்னால் இருந்த மணற்கரை காணாமல் போய்க் கருங்கல் மட்டும் மிஞ்சியது. அரிப்பு அத்தோடு நிற்காமல் வடக்கே பொம்மையார்பாளையம் வரை நகர்ந்தது. பிறகு தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் மூழ்கிய நிலையில் ஆப்பு வடிவத் தடுப்பு ஒன்றை அமைத்தபின் நகரத்தின் முன் மணல் ஓரளவு திரும்பியது.

துறைமுகம் பெரிய சங்கதி. ஆனால் ஒரு வில்லாவின் மதிலும் சிறிய அளவில் இதையேதான் செய்கிறது.

1. சாய்வான மணற்கரையில் ஏறும் அலை மெல்ல மெல்லச் சக்தியை இழக்கும். செங்குத்துச் சுவரில் மோதும் அலை அதே வேகத்தில் திரும்பும்; திரும்பும்போது சுவரின் காலடி மணலை அள்ளிக்கொண்டு போகும். சுவர் வீட்டைக் கொஞ்ச காலம் காக்கும், கரையைக் காக்காது.

2. கடலுக்குள் நீட்டும் கல்வரிசைக்குத் தமிழகத்தில் ‘தூண்டில் வளைவு’ என்று பெயர். அதன் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். ஓர் ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊரும் கேட்பது இதனால்தான். கேட்காவிட்டால் அவர்கள் கரை போய்விடும்.

3. மணல்மேடு வெறும் மேடு இல்லை, கரையின் சேமிப்புக் கணக்கு. புயலில் கடல் அதிலிருந்து மணலை எடுக்கும், அமைதியான மாதங்களில் திருப்பிப் போடும். ‘கடல் தெரியவில்லை’ என்று மேட்டைச் சமன் செய்தால் அடுத்த புயலுக்குக் கடல் எடுக்க வேறு மணல் இல்லை. வீட்டுத் தோட்டம்தான் இருக்கும்.

தேசிய கடற்கரை ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றத்தை ஆராய்ந்ததில், தமிழகக் கரையில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. கரையோர மனையை வாங்குகிறவர் வில்லங்கச் சான்று கேட்பதோடு, பக்கத்தில் உள்ள துறைமுகம், முகத்துவாரம், தூண்டில் வளைவு எந்தத் திசையில் என்றும் கேட்பது நல்லது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

‘சி.ஆர்.இசட்’ என்பது கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991-இல் முதல் அறிவிக்கை வந்தது. 2011-இலும் 2019-இலும் புதிதாக எழுதப்பட்டது. எல்லாக் கணக்கும் ‘உயர் ஓதக் கோட்டில்’ இருந்து தொடங்கும். ஓதம் என்றால் கடல் ஏற்றம். பெரிய ஏற்றத்தின்போது தண்ணீர் தொடும் எல்லை அந்தக் கோடு. அங்கிருந்து நிலத்துக்குள் 500 மீட்டர் வரை மண்டலம்.

அதற்குள்ளே வகைகள் உண்டு. ஒன்றாம் வகை சதுப்புக்காடு, ஆமை முட்டையிடும் இடம், மணல்மேடு போன்ற மென்மையான பகுதிகளும் அலை ஏறி இறங்கும் இடமும். இரண்டாம் வகை ஏற்கெனவே நகரமாகிவிட்ட பகுதி. இங்கே இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் புதிதாகக் கட்டலாம். மூன்றாம் வகை ஊரகப் பகுதி. இங்கேதான் குழப்பம் அதிகம். முன்பு 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை. 2019 அறிவிக்கை அதை இரண்டாகப் பிரித்தது: 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடத்தில் தடை 50 மீட்டர், மற்ற இடங்களில் பழையபடி 200 மீட்டர். அந்த 50 மீட்டர் சலுகையும் தானாக வந்துவிடாது. மாநிலத்தின் கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம் புதிய அறிவிக்கைப்படி திருத்தப்பட்டு ஒப்புதல் பெற்ற பிறகே செல்லும். ‘இப்போது 50 மீட்டர்தான் சார்’ என்று மனை விற்பவர் சொன்னால், எந்த வரைபடத்தின்படி என்பதுதான் அடுத்த கேள்வி.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. மண்டலம் கடலுக்கு மட்டும் அல்ல. ஓதம் ஏறி இறங்கும் கழிமுகம், காயல், கால்வாய் ஓரத்துக்கும் உண்டு. 2019 அறிவிக்கையில் அது 50 மீட்டர், அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இதில் எது குறைவோ அது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடும் நிலம் கிழக்கே வங்கக்கடலுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காட்டுக் காயலுக்கும் இடையே கிடக்கும் மணல் பட்டை. இரண்டு பக்கமும் உப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வருவோம்.

நல்ல தண்ணீர் மிதக்கிறது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளலாம்.

மணல் பட்டையின் மேல் பெய்யும் மழை கீழே இறங்குகிறது. அதே மணலுக்குள் கடலிலிருந்து உப்புத் தண்ணீரும் ஊடுருவி இருக்கிறது. கடல்நீர் நல்ல நீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கூடுதல் கனமானது. அதனால் நல்ல தண்ணீர் அதன் மேல் ஒரு குவியலாக மிதக்கிறது, எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல. மணல் இடையில் இருப்பதால் கலப்பு மட்டும் மெதுவாக நடக்கும். ஐரோப்பாவில் இருவர், கைபன், ஹெர்ஸ்பெர்க், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியாக இதற்குக் கணக்குப் போட்டார்கள். நிலத்தடி நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலே இருந்தால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், அடியில் உப்பின் எல்லை 20 மீட்டர் மேலே ஏற இடம் கிடைக்கிறது. அது ஒரே நாளில் ஏறாது. இடையில் களிமண் அடுக்கு இருந்தால் வேகம் மாறும். ஆனால் திசை மாறாது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் பல்லாண்டு அதிகமாக இறைத்ததன் விளைவாகக் கடல்நீர் நிலத்துக்குள் பல கிலோமீட்டர் ஏறிவிட்டது.

இதிலிருந்து மூன்று நடைமுறை விஷயங்கள் வருகின்றன.

1. ஆழம் எதிரி. உள்நாட்டில் தண்ணீர் இல்லையென்றால் ‘இன்னும் ஐம்பது அடி இறக்கு’ என்பார்கள். கடலோரத்தில் அது உப்பை நோக்கிப் போகும் வழி. ஓர் இடத்தில் வேகமாக உறிஞ்சினால் அதற்கு நேர் கீழே உப்புநீர் கூம்பு போல எழும்பும். இங்கே ஏற்றது அகலமான, ஆழமில்லாத உறைகிணறு; மேல் அடுக்கை மெதுவாக, ஏடு எடுப்பதுபோல எடுக்கும் கிணறு. 2011 அறிவிக்கையில், 200 முதல் 500 மீட்டர் பகுதியில் வேறு தண்ணீர் இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. படித்தால் பழங்காலத்து விதி போலத் தோன்றும், ஆனால் மிதக்கும் தண்ணீரைப் புரிந்துகொண்டு எழுதப்பட்ட விதி அது.

2. கொஞ்சம் உப்பே போதும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. நூறு குடத்தில் இரண்டு குடம் கடல்நீர் கலந்தால் 700 மில்லிகிராம் கூடிவிடும். குடிநீருக்கு இந்தியத் தரநிலை விரும்பும் அளவு 500. கிணறு கெட்டுப்போகக் கடல் முழுதாக உள்ளே வர வேண்டியதில்லை.

3. மழையை உள்ளே விடுவதுதான் உப்பைக் கீழே அழுத்தி வைக்கும் ஒரே எடை. தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. கடலோரத்தில் அது சேமிப்பு மட்டுமல்ல, தடுப்பணை.

சரி, மழை எவ்வளவு தரும்? சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். 1,200 சதுர அடி மாடியில் விழுவதில் நூற்றுக்கு எண்பது பிடித்தால் சுமார் 1,25,000 லிட்டர். நான்கு பேர் குடும்பம், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 540 லிட்டர். அந்த மழை 230 நாளுக்கு வரும். ஆச்சரியமான கணக்குத்தான். இப்போது 2,400 சதுர அடி மாடி கொண்ட நான்கு அடுக்குக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். தளத்துக்கு இரண்டாக எட்டு வீடு. மாடி தருவது 2,50,000 லிட்டர், எட்டு வீட்டின் நாள் செலவு 4,320 லிட்டர். 58 நாளில் தீர்ந்தது. நகர்ப்பகுதிக் கடற்கரையில் பழைய தளப்பரப்பு வரம்பை (ஒரு மனையில் மொத்தம் எவ்வளவு தளம் கட்டலாம் என்ற அளவை) 2019 அறிவிக்கை தளர்த்தியபோது எழுந்த எதிர்ப்பைச் சிலர் வளர்ச்சிக்கு எதிரான கூச்சல் என்றார்கள். மேலே உள்ள வகுத்தல் கணக்கையும் அவர்கள் போட்டுப் பார்த்திருக்கலாம். பற்றாக்குறையை நிரப்ப லாரி வரும், ஆழ்குழாய் இறங்கும், அல்லது நெம்மேலி நிலையத்திலிருந்து உப்பு நீக்கிய கடல்நீர் வரும். அப்படி ஆயிரம் லிட்டர் எடுக்க ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும்.

வீட்டுக்குள் மாட்டும் ஆர்.ஓ இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது உப்பை அழிப்பதில்லை, பிரித்துக் கழிவுக் குழாயில் விடுகிறது. அந்தக் குழாய் தோட்டத்து மணலில் முடிந்தால், கிணற்றிலிருந்து எடுத்த உப்பு இன்னும் செறிவாகிக் கிணற்றுக்கே திரும்புகிறது.

மழை இறங்குவதைத் தடுப்பது பெரும்பாலும் அலங்காரம்தான். மணலில் புல்தரை வராது என்று கிராவல் மண் கொட்டுவார்கள். வாசல் முழுக்கப் பேவர் பிளாக் பதிப்பார்கள். ஒரு காலத்தில் சொட்டுத் தண்ணீர் தேங்காத மணல்தெருவில் நவம்பர் மாதம் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கழிவுநீர் எந்தப் பக்கம்?

மணல் தண்ணீரை வேகமாக விடும். அதே வேகத்தில் செப்டிக் டேங்க் கசிவையும் விடும். நீர்மட்டம் மேலாக இருக்கும் இடத்தில் கசிவுக் குழியின் அடியே நிலத்தடி நீரைத் தொட்டுவிடலாம். நிலத்தடி நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, அதாவது பட்டையின் நடுவிலிருந்து கடலுக்கோ கால்வாய்க்கோ நகர்கிறது. ஆகவே கிணறு மேல்பக்கம், கழிவுக்குழி அதற்குக் கீழ்ப்பக்கம் என்பது ஒரு வீட்டுக்குச் சரி. நாற்பது மனை நெருக்கமாக இருக்கும்போது என் கீழ்ப்பக்கம் உங்கள் மேல்பக்கம். தனித்தனி டேங்குக்குப் பதிலாகத் தெரு முழுவதற்கும் ஒரே சுத்திகரிப்பு, அடிப்பக்கம் தண்ணீர் கசியாத தொட்டி, அதன் பின் நாணலும் கல்வாழையும் நட்ட ஜல்லிப் படுகை: இதற்கு மின்சாரமும் அதிகம் வேண்டாம். குடியிருப்போர் சங்கத்தில் கையெழுத்துத்தான் வேண்டும்.

உப்பு கம்பியைத் தேடி வரும் விதம்

கடலோரத்துப் பழைய அடுக்ககம் ஒன்றின் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தால் இது புரியும். முதலில் அடிப்பக்கம் கம்பியின் நீளத்துக்கு மயிரிழை போல ஒரு விரிசல். அடுத்த மழைக்கு அதில் பழுப்புக் கறை. பிறகு ஒருநாள் பூச்சோடு சேர்ந்து ஒரு பாளம் விழும். உள்ளே கம்பி ஏடு ஏடாக உரிந்து நிற்கும்.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை கொண்டது. அதனுள் இருக்கும் இரும்பின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கும். காற்றில் வரும் உப்பின் குளோரைடு கான்கிரீட்டின் நுண்துளை வழியாக நாள்பட உள்ளே போய் அந்தப் படலத்தை உடைக்கும். துரு, இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். கிடைக்காத இடத்தை உடைத்து எடுத்துக்கொள்ளும்.

இதற்கான மருந்து ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையில் 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. கம்பிக்கு மேல் கான்கிரீட்டின் கனத்தைக் ‘கவர்’ என்பார்கள். பாதிப்பு மிகக் குறைவான சூழலில் 20 மில்லிமீட்டர் போதும். கடலோரச் சூழலுக்கு நேரடியாக வெளிப்பட்ட பாகங்களுக்கு 45 மில்லிமீட்டர், எம்30 தரக் கான்கிரீட்; கடல் சாரல் படும் இடத்தில் 50 மில்லிமீட்டர், எம்35. சிமென்ட் எடைக்குத் தண்ணீர் எடையின் விகிதம் 0.45-க்கு மேல் போகக்கூடாது. கம்பி வைத்த கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடைசி விதியைத்தான் தளத்தில் அதிகம் மீறுகிறார்கள். மனையில் இருக்கும் உப்பு போர்வெல்லிலேயே கலவையும் போட்டு, கான்கிரீட் இறுகும்வரை அதையே ஊற்றிக் கியூரிங்கும் செய்தால், உப்பு வெளியிலிருந்து வர இருபது வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. முதல் நாளே உள்ளே வந்துவிட்டது.

இது சுற்றுச்சூழல் விஷயமா என்று கேட்கலாம். ஆம். சிமென்ட் தயாரிப்பு கார்பன் அதிகம் வெளியிடும் தொழில். அறுபது வருடம் நிற்க வேண்டிய கட்டடத்தை இருபத்தைந்தாம் வருடம் இடித்தால், மாடியில் எத்தனை சோலார் பேனல் இருந்தும் கணக்கு நேராகாது. இரும்பாலைக் கசடு கலந்த சிமென்ட் இங்கே இரட்டை லாபம்: குளோரைடு ஊடுருவலைக் குறைக்கும், கார்பனும் குறைவு. சோலார் போடுகிறவர்கள் பேனலுக்கு உப்புப்பனிச் சோதனைச் சான்று (ஐ.இ.சி. 61701) இருக்கிறதா என்றும், தாங்கும் சட்டமும் ஆணியும் எந்த உலோகம் என்றும் கேட்டுக்கொள்ளலாம், பெரும்பாலும் பேனலுக்கு முன் சட்டம்தான் போகும்.

கம்பி குறைவாக இருக்கும் கட்டுமானத்துக்கு இந்தக் கவலையும் குறைவு. கூரை எடையைத் தானே சுமக்கும் தாங்கு சுவர், கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு, தேக்கு உத்தரத்தின் மேல் செங்கலை நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் என்று பழைய சென்னை வீடுகள் கட்டப்பட்டது இரும்பு விலையால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எல்லா இடத்திலும் அதற்குத் திரும்ப முடியாது. தேக்கு விலை கேட்டாலே தெரியும். ஆனால் இரண்டு தள வீட்டுக்குத் தூண்-உத்தரச் சட்டகம் தேவைதானா என்று பொறியாளரிடம் கேட்பதில் செலவில்லை.

வேண்டிய காற்று, வேண்டாத காற்று

சென்னைக் கோடையில் நண்பகலை ஒட்டிக் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடல்காற்று உள்ளே வரும். அது தாமதமாகும் நாளில்தான் வெயில் மண்டையைப் பிளக்கும். புழுக்கமான ஊரில் உடம்பைக் குளிர்விப்பது நிழலும் காற்றோட்டமும். வீடுகளுக்காக 2018-இல் வந்த எரிசக்திச் சேமிப்பு விதிகளான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’, வெப்பமும் ஈரமும் கூடிய பகுதியில் திறக்கக்கூடிய சன்னல், கதவுப் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. நகர்த்தும் கண்ணாடிச் சன்னல் பாதிதான் திறக்கும் என்பதால் அதற்கு இரட்டிப்பு வேண்டும். காற்று வரக் கிழக்கில் திறந்தால் போதாது, போக மேற்கிலும் வழி வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாடு. வெயிலுக்கு நீண்ட இறவாணம் நல்லது. புயலுக்கு அது கைப்பிடி. சென்னையில் கட்டடங்களுக்குக் கணக்கிட வேண்டிய அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். நீட்டிய கூரையின் அடியில் அந்தக் காற்று நுழைந்தால் முழுக் கூரையையும் சேர்த்துத் தூக்கும். ஒரு சன்னல் உடைந்து காற்று உள்ளே புகுந்தால் கீழிருந்தும் தள்ளும். தீர்வு எளிது: வீட்டின் கூரையைச் சுவரோடு முடித்து, தாழ்வாரக் கூரையைத் தனியாகப் போடுவது. புயலில் போனால் தாழ்வாரம் மட்டும் போகும். சாய்கூரை என்றால் இரண்டு பக்கச் சாய்வைவிட நாலு பக்கச் சாய்வு காற்றுக்குத் தாங்கும்.

ஆனால் முன்வரிசையில் ஒருவர் எட்டடி மதிலும் மூன்று தளமும் எழுப்பினால் பின்வரிசைக்குக் கடல்காற்று கிடைக்காது, அவர்கள் ஏசி போடுவார்கள். திறந்த மணலிலிருந்து பின்தெருவரை நேராகச் சந்துகள் விட்டு, முன்வரிசையைத் தாழ்வாகவும் பின்வரிசையை உயரமாகவும் வைப்பது மனைப் பிரிவு வரைபடத்தில் மட்டுமே செய்யக்கூடிய வேலை. கட்டி முடித்தபின் எந்தக் கட்டடக்கலைஞராலும் ஆகாது.

கொடியும் விளக்கும்

மணலைப் பிடித்து வைக்கக் கடலோரத்துக்கென்றே செடிகள் உண்டு: அலைக்கு அருகே அடும்பங்கொடி, ராவணன் மீசை, அதன் பின் தாழை, இன்னும் உள்ளே புன்னை, பூவரசு, பனை. இவற்றில் பல நெய்தல் பாட்டிலும் வருகிறவைதான். உப்புக்கும் காற்றுக்கும் ஈடுகொடுக்கும், தண்ணீர் கேட்காது. சவுக்கு காற்றைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அலைக்கோட்டை ஒட்டி நெருக்கி நட்டால் பங்குனி ஆமைகளுக்கு முட்டையிட மணல் மிஞ்சாது. சென்னைக் கரையில் அவை ஏறும் காலம் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை. பொரித்து வரும் குஞ்சு வெளிச்சம் தெரியும் பக்கம் கடல் என்று நம்பி நகரும். வில்லா மாடியின் வெள்ளை விளக்கை நோக்கிப் போனால் சாலையில்தான் முடியும். கடல்பக்க விளக்கைத் தாழ்த்தி, மூடி, ஆமை ஏறும், குஞ்சு பொரிக்கும் மாதங்களில் இரவில் அணைப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

வரைபடத்தில் விடுபடும் இடம்

ஒரு கடலோரக் குடியிருப்பை மொத்தமாகத் திட்டமிட்டுக் கட்டும் வாய்ப்பு தமிழகத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு. 2005 மார்ச்சில் வந்த அரசாணை, 200 மீட்டருக்குள் வீடு இருந்தவர்கள் உள்ளே தள்ளிக் குடியேற விரும்பினால் அரசு புது வீடு தரும் என்றது. பாதுகாப்பு என்ற ஒரு கேள்விக்கு அது பதில். ஆனால் பல இடங்களில் வந்தது மரங்களை வெட்டிச் சமன் செய்த தரையில், ஒரே அளவில், வரிசையாக நிற்கும் தட்டைக் கான்கிரீட் கூரை வீடுகள். நிழல் இல்லை; காற்றுக்கு வழி பார்த்து வைக்கப்படவில்லை; கடல் தெரியவில்லை. நாகப்பட்டினம் பக்கம் அப்படிப்பட்ட வீடுகளின் வாசலில் மக்களே கீற்றுச் சாய்ப்பு இறக்கி, பகல் முழுக்க அதன் கீழ் இருப்பதைப் பார்க்கலாம். தாழ்வாரத்தைத் தனியாகப் போடு என்ற விதியை அவர்கள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

மீனவ ஊர்களில் அலைக்கும் முதல் வீட்டுக்கும் நடுவே படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் திறந்த மணல் கிடக்கும். தனிப் பட்டா இருக்காது. அலையின் வேகத்தை உடைக்கும் மணலும், மழை இறங்கும் பரப்பும், பின்தெருவுக்குக் காற்று போகும் வழியும் அந்த இடம்தான். கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்டத்தின் வரைவு வரைபடங்கள் மீது தமிழகத்தில் நடந்த கருத்துக் கேட்புகளில் மீனவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறையும் அதுதான்: வீடுகள் பதிவாகியிருக்கின்றன, இந்தப் பொது இடங்கள் பதிவாகவில்லை. பதிவாகாத மணல், வரைபடத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு வெறும் காலி இடம். வரைபடம் இறுதியான பிறகு இதைத் திருத்துவது எளிதல்ல. வரைவு வெளியாகும்போதே தங்கள் சர்வே எண்ணையும் அதற்குக் கடல்பக்கமாக இருக்கும் நிலத்தையும் தேடிப் பார்த்து, விடுபட்டதை எழுத்தில் கொடுப்பது குப்பத்து ஊர்ப்பஞ்சாயத்துக்கும் வில்லாக்காரர்களின் சங்கத்துக்கும் பொதுவான வேலை.